செவப்புக் கோடு விழுந்த ஆடு

சர்ர்ர்ர்க்!

அவ்ளோதான். எல்லாம் போச்சு.

ஒரு ஊர்ல ஒரு ஸ்கூலு. அந்த ஸ்கூல்ல ஒரு டிராயிங் மிஸ்ஸு, அந்த மிஸ் கையில ஒரு செவப்புப் பேனா. அந்தப் பேனா ஒண்ணாங்கிளாஸ் நோட்டுல ஒரு ஆட்டுமேல சர்ர்ர்க்னு டிக் போட்டுச்சு பாரு, அங்கதான் கதை ஆரம்பிக்குது. காலை உள்ள இழுத்துப் போத்திக்கோ பட்டு. அத்தை இந்தத் துணிய மடிச்சுக்கிட்டே சொல்றேன். அத்தை இன்னிக்கு கோவமா இருக்கேன். உன்மேல இல்லடா. நீ ம் கொட்டு, போதும்.

"ம்."

ஆட்ட வரைஞ்சது யாருன்னா, செவ்வந்தின்னு ஒரு பொண்ணு. இத்தினிக்கூண்டு இருப்பா. முன்பல்லு ரெண்டும் காலி. அவங்க வீட்டுல ஆடு வளக்குறாங்க. அதுல ஒரு குட்டி இருந்துச்சு, பேரு கொடுக்காப்புளி. எந்நேரமும் கொடுக்காப்புளி மரத்துல ரெண்டு காலத் தூக்கி வச்சுக்கிட்டு மொறுக்கு மொறுக்குன்னு மேயும், அதான் அந்தப் பேரு. அந்தக் குட்டியத்தான் செவ்வந்தி நோட்டுல வரைஞ்சா. அஞ்சு காலு போட்டா.

"ஏன்டி அஞ்சு காலு?"ன்னு மிஸ் கேட்டாங்க.

"அது நிக்கவே நிக்காது மிஸ், குதிச்சுக்கிட்டே இருக்கும்"னா.

எஸ்தர் மிஸ்ஸுக்கு சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டேதான் பேனாவ எடுத்தாங்க. அவங்க ஒண்ணும் கெட்ட மிஸ் இல்ல. ஒண்ணாங்கிளாஸ்லேருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் அவங்க ஒருத்தங்கதான் டிராயிங். வெள்ளிக்கெழம ஸ்கூல செக் பண்ண ஆபீசர் வராரு. பெரிய சாரு, அதான் ஹெட்மாஸ்டரு, கண்டிஷனா சொல்லிட்டாரு: "ஒவ்வொரு பக்கத்துலயும் செவப்பு மை தெரியணும். மை இல்லாத பக்கம்னா பாடம் நடக்காத பக்கம்." அதனால மிஸ்ஸு சர்ர்ர்க்! ஆட்டோட கழுத்துல ஆரம்பிச்சு வயிறு வரைக்கும் ஒரு பெரிய டிக்கு.

செவ்வந்தி அதையே பாத்தா. அப்புறம் மிஸ்ஸப் பாத்தா.

"மிஸ்... வித்துட்டீங்களா?"

"என்னது?"

"கொடுக்காப்புளிய யாருக்கு வித்தீங்க?"

ஏன் அப்படிக் கேட்டா தெரியுமா? ஆட்டுச் சந்தையில ஒருத்தர் ஆடு வாங்குனா, அது முதுகுல செவப்பு மையால ஒரு கோடு இழுத்துடுவாரு. கோடு விழுந்துச்சா, ஆடு அவருது. அப்புறம் அது வீட்டுக்கு வராது. போன மாசம் அவங்க அப்பா அந்தக் குட்டியோட அம்மாவ அப்படித்தான் வித்தாரு. செவ்வந்தி கூடவே போயி, கோடு விழுறத கண்ணால பாத்துட்டு வந்தவ.

தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

மிஸ் சொன்னாங்க, "ஐயோ இல்லடா கண்ணு, நல்லாருந்துச்சு, அதான் போட்டேன்."

"நல்லாருந்தா ஏன் கோடு போடுறீங்க? அழிங்க!"

பேனா மை எங்க அழியும்? செவ்வந்தி விரல்ல எச்சி தொட்டு பரக்கு பரக்குன்னு தேச்சா. தேச்சுத் தேச்சு பேப்பர்ல பொத்தல் விழுந்துருச்சு. ஆட்டு வயித்துல ஓட்டை! அப்போ அவளுக்கு வந்துச்சு பாரு கோவம். மிஸ் கையப் புடிச்சு லபக்குனு ஒரு கடி. ரெண்டு பல்லு இல்ல, அதுக்கே தடம் விழுந்துருச்சு. நோட்ட மூடி பெஞ்சுல போட்டு அதுமேல ஏறி உக்காந்துக்கிட்டா. "இனிமே நான் வரைய மாட்டேன். நோட்டும் தர மாட்டேன்."

மிஸ்ஸுக்கு நல்லா வேணும்னுதான் எனக்குத் தோணுது. இரு, மோட்டார் ஓடுது, ஆஃப் பண்ணிட்டு வந்துடறேன்.

...எங்க விட்டேன்? ஆங், கடி.

அப்புறம் டண் டண் டண்ணு மணி அடிச்சுது. மிஸ்ஸு கைய ஊதிக்கிட்டே மூணாங்கிளாஸுக்குப் போனாங்க. பேனாவ பைக்குள்ள போட்டுட்டு, "உங்க வீட்டுல இருக்குற ஏதாவது ஒண்ண வரைங்க"ன்னாங்க. கிறுக்கு கிறுக்குன்னு சத்தம். போயி எட்டிப் பாத்தா, முப்பத்தாறு நோட்டுலயும் ஒரே படம்! ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை, வளைஞ்ச தென்னமரம் ஒண்ணு.

"டேய் தினேசு, உங்க வீடு பஸ் ஸ்டாண்டு பின்னாடிதான இருக்கு? அங்க ஏதுடா மலை?"

"மலை போட்டாத்தான் மிஸ் 'குட்'னு எழுதுவீங்க."

"யாரு சொன்னா?"

"நீங்கதான் மிஸ். ஒண்ணாப்புல நான் எங்க அப்பா ஆட்டோவ வரைஞ்சேன். ஹாரன்லாம் வச்சு. வெறும் டிக்கு. தென்னமரம் போட்டானே இவன், இவனுக்கு 'குட்'டு, ஸ்டாரு!" சொல்லிட்டு பல்ல இளிச்சான். "நான் இப்ப கண்ண மூடிக்கிட்டே மலை போடுவேன் மிஸ். பாக்குறீங்களா?"

கண்ண மூடினான். விசுக் விசுக்! ரெண்டு மலை. அச்சு அசலா.

ஊரே ஒரே படத்த வரையுதுடா! ஆட்டோ வச்சிருக்குறவன் புள்ளை ஆட்டோவ மறந்துட்டு, பாக்காத மலைய வரையுறான்! எனக்கு வயிறு எரியுது. உனக்கு எரியல?

"ம்."

அந்த ம் பத்தாது. சரி விடு.

அப்புறம் திரும்ப மணி. அஞ்சாங்கிளாஸ். பெரிய புள்ளைங்க, சத்தமே இல்ல. பர்வீன்னு ஒருத்தி, அந்த ஸ்கூல்லயே அவதான் நல்லா வரையுவா. மார்க்கெட்ட வரைஞ்சிருந்தா. வாழத்தாரு, தராசு, கூடைக்குப் பக்கத்துல தூங்குற நாயி, எல்லாம் தத்ரூபம். ஆனா கீழ வலது மூலையில மட்டும் ஸ்கேல் வச்சு ஒரு கட்டம் போட்டு வெள்ளையா விட்டிருந்தா. அங்க நாயோட வாலு கூட போகல, வளைஞ்சு திரும்பிருச்சு.

"இது என்ன பர்வீன், ஜன்னலா?"

"இல்ல மிஸ், அது உங்க எடம்."

"என் எடமா?"

"டிக்கு போட. எடம் விடலன்னா எங்க வேணா இழுத்துடுவீங்க. மூணாங்கிளாஸ்ல எங்க வாப்பா மூஞ்சிமேல போட்டீங்க மிஸ். அதுலேருந்து எடம் விட்டுடுவேன்."

"கஷ்டமா இல்லையாடி?"

"பழகிடுச்சு மிஸ்."

பழகிடுச்சாம்! பத்து வயசுப் பொண்ணு! செவ்வந்தி கடிச்சாளே, அது எவ்வளவோ தேவல. இவ கோவமே படாம, ஸ்கேல் வச்சு அளந்து, எடத்த விட்டுக் குடுத்துட்டு உக்காந்திருக்கா. மிஸ்ஸுக்கு காது ரெண்டும் சூடாயிருச்சு. பேனாவ எடுத்துக்கிட்டு தட தட தடன்னு பெரிய சார் ரூமுக்குப் போயி, மேசைமேல டொக்குனு வச்சாங்க.

"சார், புள்ளைங்க படத்துமேல இனிமே நான் கை வைக்க மாட்டேன்."

பெரிய சார் டீயில ரஸ்க்க முக்கிக்கிட்டிருந்தாரு. "என்னம்மா, ஒண்ணாங்கிளாஸ் புள்ள கடிச்சதுல ஜொரமா?"

"அஞ்சாங்கிளாஸ்தான் சார் கடிச்சது. அது உங்களுக்குத் தெரியாது."

"ஆபீசரு வந்து மையப் பாப்பாரா, ஆட்டப் பாப்பாரா? நீங்க போடலன்னா நானே போட்டுக்கறேன். இன்னொண்ணும் கேட்டுக்கோங்க, ஆபீசர் ஒரு வார்த்த தப்பா எழுதுனாலும் அடுத்த வருசம் டிராயிங் பீரியடே கெடையாது. கணக்குக்குக் குடுத்துடுவேன்."

ரஸ்க்கு டீயில பொத்துனு விழுந்துச்சு. அதுக்கும் மிஸ்ஸத்தான் மொறைச்சாரு.

அப்புறம் வெள்ளிக்கெழம வந்துச்சு. பெரிய சாரு சலவைக்குப் போட்டு வாங்குன வெள்ளச் சட்டை, பொடரு, எல்லாம் போட்டுக்கிட்டு வந்துட்டாரு. ஆபீசர் வர்றதுக்குள்ள முடிக்கணும்னு ஒண்ணாங்கிளாஸுக்குள்ள பூந்து சர்க், சர்க், சர்க்! யானைமேல சர்க், பாட்டி மேல சர்க், தம்பிப் பாப்பா மேல சர்க். மிஸ்ஸு ஓடி வந்து, "சார், வேணாம் சார்"ங்கறாங்க. கேக்கவே இல்ல மனுசன். கடைசி பெஞ்சுக்கு வந்தாரு. செவ்வந்தி நோட்டுமேல உக்காந்திருக்கா.

"எந்திரி."

"மாட்டேன்."

"எந்திரிடி!"

வெடுக்குனு உருவிட்டாரு. தெறந்தா ஓட்டை விழுந்த ஆடு. திருப்புனாரு, வெத்துப் பக்கம். அதுக்கப்புறமும் வெத்துப் பக்கம். கடைசிப் பக்கத்துல என்ன இருந்துச்சு சொல்லு?

"...ஆடு?"

ஆடு! வரையவே மாட்டேன்னு சொன்னவ யாருக்கும் தெரியாம வரைஞ்சிருக்கா. சுத்தி பெரிய முள்ளு வேலி, கருப்புப் பென்சில்ல அழுத்தி அழுத்தி. உள்ள கொடுக்காப்புளி. இப்போ ஆறு காலு. யாராச்சும் பேனாவோட வந்தா ஓடணும்ல!

பெரிய சாரு பேனாவ ஓங்கிட்டாரு. அப்போ பாத்து வாசல்ல டக் டக் டக்குனு ஷூ சத்தம். ஆபீசரு! பெரிய சாரு பேனாவ பெஞ்சுலயே போட்டுட்டு, திரும்பி, கைகூப்பி, "வாங்க சார், வாங்க"ன்னாரு. அவரு முதுகு செவ்வந்தி பக்கம். அகலமான முதுகு. பளீர்னு வெள்ள.

செவ்வந்தி பேனாவ எடுத்தா. பெஞ்சுமேல ஏறுனா.

சர்ர்ர்ர்ர்ர்ர்ர்க்!

தோள்லேருந்து இடுப்பு வரைக்கும். பெரிய சாரு மெதுவா திரும்புறாரு. செவ்வந்தி பேனாவ மூடி வச்சுட்டு எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்துனா: "பெரிய சார வித்தாச்சு!"

"ஏய்! யாருடி உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

அவ பயப்படவே இல்லடா பட்டு. ஓட்டப் பல்லக் காட்டிக்கிட்டு, "நல்லாருந்துச்சு சார், அதான் போட்டேன்"னா.

ஆபீசரு வாயப் பொத்திக்கிட்டாரு. தோளு குலுங்குது. "யாரு சார் வாங்குனது உங்கள?"ன்னாரு. பெரிய சாருக்கு மூஞ்சி மையவிட செவப்பாயிருச்சு. ஆனா எஸ்தர் மிஸ் சிரிக்கல. ஆட்டு நோட்டு, கையோட கொண்டு வந்திருந்த பர்வீனோட மார்க்கெட்டு, தினேசோட மலை, மூணையும் ஆபீசர் முன்னாடி பரப்பி, ஒவ்வொண்ணா காட்டிச் சொன்னாங்க. பர்வீனோட கட்டத்துக்கு வந்ததும் ஆபீசர் சிரிப்ப நிறுத்திட்டாரு. அப்புறம், "பேப்பருக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இருக்கே சார், அங்க கையெழுத்துப் போட்டா ஆகாதா?"ன்னாரு.

டிராயிங் பீரியடு போகல. மிஸ்ஸு அன்னிலேருந்து பின்பக்கம்தான் கையெழுத்து. அதுவும் கேட்டுட்டு. பெரிய சாரு திருந்துனாரான்னு கேக்காத, எனக்குத் தெரியாது. சட்டைக்கு சோப்பு போட்டாரு, எலுமிச்சம்பழம் தேச்சாரு, மண்ணெண்ண கூட தடவுனாரு. கோடு மட்டும் போகவே இல்லன்னு கேள்வி.

செவ்வந்தி அடுத்த வாரமே வேலி இல்லாம ஆடு வரைஞ்சா. நாலு காலு. தினேசு ஆட்டோ வரைஞ்சான், ஆனா பின்னாடி ஒரு மலைய விட மனசு வரல அவனுக்கு.

பர்வீனுக்குத்தான் நேரமாச்சு. "இந்த எடத்துல என்ன மிஸ் வரைய?"ன்னு கேட்டா. "அது உன் எடம்டா, எனக்கென்ன தெரியும்"னாங்க மிஸ்ஸு. ஒரு வாரம் வெள்ளையா இருந்துச்சு. ரெண்டாவது வாரமும் வெள்ளை. மூணாவது வாரம் அந்த மூலையில ஒரு ஆளு நின்னுக்கிட்டிருந்தாரு, கையில பையோட. அவங்க வாப்பா. மூஞ்சி மட்டும் இன்னும் போடல.

அவ்ளோதான் பட்டு. ஆடு பட்டிக்குப் போயிருச்சு, பேனா டப்பாவுக்குப் போயிருச்சு, நீயும் கண்ண மூடு. லைட்ட அணைக்கறேன்.

...டேய். சாயங்காலம் உன் பையில லஞ்ச் டப்பாவ எடுக்கறப்ப உன் டிராயிங் நோட்டப் பாத்தேன். உன் படத்துமேலயும் இப்படி இழுத்துட்டாங்களா? நீயும் எடம் விட ஆரம்பிச்சுட்டியாடா?