விளக்கு வைத்த வீடு

மலை சரிந்து ஊர் காலியான பிறகு, அந்த வீடுகளைப் படமெடுக்க வடிவாம்பாள் போனாள். கூடவே அவளிடம் கேமரா கற்றுக்கொள்ளும் பால்துரையும் போனான். அவளைவிட நாலு வயது மூத்தவன். நல்ல படம் கிடைக்கும் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

காலையில், எதிர்ச் சரிவிலிருந்த பள்ளிக்கூட முகாமில் ராசப்பன் என்பவர் தன் வீட்டைக் கைகாட்டினார்.

"தாராளமா எடுத்துக்குங்க. என் வீட்டுக்காரி செல்லக்கனிதான் இன்னும் கிடைக்கல."

பொழுது சாய்ந்தது. அடுத்த வீட்டைப் படமெடுத்துவிட்டு வந்த வடிவாம்பாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ராசப்பன் வீட்டில் பாதிச் சுவர் இல்லை. கட்டில் சேற்றில் புதைந்து கிடந்தது. மாடத்தில் மட்டும் விளக்கு எரிந்தது.

"யார் ஏத்தினது?"

"நான்தான் டீச்சர். இப்பப் பாருங்க, படத்துக்கு உயிர் வந்துருச்சு."

அவள் முகம் போன போக்கு அவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஆளில்லாத வீடுதானே டீச்சர்? ஒரு விளக்கு ஏத்தினா யாருக்கு என்ன?"

அவள் இடிந்த சுவர் வழியே எதிர்ச் சரிவைக் காட்டினாள். ஒருவர் விழுந்து எழுந்து ஓடி வந்துகொண்டிருந்தார். இடையில் ஓடை, சேறும் கல்லுமாகச் சீறிக்கொண்டு போனது.

"செல்லக்கனி! ஏ புள்ள, வந்துட்டியா? இந்தா வந்துட்டேன்!"

பால்துரைக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வீட்டில் விளக்கெரிந்தால், அந்த மனுசன் வேறென்ன நினைப்பார்?

"வராதீங்க!" என்று கத்தினான். ஓடி வந்த வேகத்தில் அது அவர் காதில் ஏறவில்லை.

"அணைச்சிடறேன் டீச்சர்."

"தண்ணில இறங்கிட்டாரு. இப்ப அணைச்சா அவருக்குக் கரை தெரியாது."

அவள் விளக்கை எடுத்து, காற்றுக்குக் கையால் மறைத்தபடி வாசலில் நின்றாள். ராசப்பன் ஒருமுறை முங்கினார். தலை மறுபடி தெரிந்ததும் பால்துரை கரைக்கு ஓடினான். கைகொடுத்து மேலே இழுத்தான்.

ராசப்பனுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க அவ? உள்ளயா இருக்கா?"

பால்துரை ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தான். 'நீங்களே சொல்லிவிடுங்கள்' என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

வடிவாம்பாள் விளக்கை அவன் கையில் கொடுத்தாள்.

"ஆளில்லாத வீடுன்னு என்கிட்ட சொன்னீங்கல்ல? இவர்கிட்ட சொல்லுங்க."