முழங்கை மடங்கிய ஆழம்

இன்னாசி கடலுக்குள் இறங்கிப் பதினாறு வருடங்கள் ஆகியிருந்தன. முன்பு முக்குளித்துத் தொழில் செய்த காலத்தில் ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இரத்தத்தில் குமிழிகள் கட்டிக்கொண்டன. உயிர் தப்பியது. இடது கால் இழுத்துக்கொண்டது. இன்னொரு முறை இறங்கினால் பிழைக்க மாட்டார் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஐம்பத்திரண்டு வயதில் அவர் தூத்துக்குடியில் ஒரு பட்டறைக்குப் போனார். ஆழ்கடலில் ஆள் உள்ளே நின்றுகொள்ளும் உலோகக் கவசம் ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். வடிவமைத்தவர் தமயந்தி. முப்பத்து நான்கு வயது. இன்னாசி அவரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

"இதுக்குள்ள நின்னா என் உடம்பு தாங்குமா மேடம்?"

"இப்ப நாம இழுக்கிற இதே காத்துதான் உள்ளேயும் அண்ணாச்சி. கடலோட அழுத்தம் உங்க மேல படாது."

"நான் எப்ப இறங்கலாம்?"

"கை மடங்குற அன்னிக்கு."

கைதான் மடங்கவில்லை. சோதனைத் தொட்டியில் நூறு மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைக் கொடுத்ததும் முழங்கை மூட்டு கல்லாய் இறுகியது. இன்னாசி விடவில்லை. தகட்டைத் தடிப்பாக்கினார். இடைவெளியைக் குறைத்தார். எட்டு மாதத்தில் ஐந்து மூட்டுகள் செய்தார்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல மேடம்," என்றார் ஐந்தாவதைக் காட்டி.

"மடங்குச்சா?"

இன்னாசி மூட்டைக் கீழே வைத்தார்.

"ஃபிரான்சுல அண்ணன் தம்பி ரெண்டு பேரு, அந்தக் காலத்துலயே இருபத்திரண்டு மூட்டு வச்சுக் கவசம் செஞ்சாங்க. தண்ணி கசிஞ்சுது. பின்னால வந்தவங்க கசிவை அடைச்சாங்க. மூட்டு இறுகிப்போச்சு. உள்ளே இருந்தவன் சிலையா நின்னான்."

"அப்ப கடலை எப்படித்தான் தடுக்கிறது?"

தமயந்தி ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடித் தரையில் போட்டார்.

"மிதிங்க."

இன்னாசி மிதித்தார். நசுங்கியது.

இன்னொரு பாட்டிலில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி மூடிப் போட்டார்.

"மிதிங்க."

இன்னாசி மிதித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறியே நின்றார். பாட்டில் அவரைத் தாங்கியது. வெகுநேரம் அவர் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் மூட்டைப் பிரித்தார். இறுக்கி வைத்திருந்த இரண்டு உலோகப் பாகங்களையும் தள்ளி வைத்து, நடுவில் எண்ணெய் நிரப்பி மூடினார். தொட்டியில் அழுத்தம் ஏறியது. பாரம் எண்ணெயின் மேல் விழுந்தது. உலோகம் உலோகத்தை உரசவில்லை. முழங்கை மடங்கியது.

மாசி மாதத்து வெயிலில் படகிலிருந்து கவசத்தை இறக்கினார்கள். உள்ளே இன்னாசி. மேலே படகில், கவசத்தோடு கம்பியால் இணைத்த தொலைபேசியைக் காதில் வைத்துத் தமயந்தி.

எழுபது மீட்டர். தொண்ணூறு. நூறு. பாதம் மணலைத் தொட்டது.

இன்னாசி கையை மெல்ல மடக்கினார். மடங்கியது. நீட்டினார். நீண்டது. சோதனைக்காகக் கீழே இறக்கியிருந்த சங்கிலியின் கொக்கியை கவசத்தின் கை நுனியிலிருந்த இடுக்கியால் பிடித்துக் கழற்றினார். படகில் ஆட்கள் ஆரவாரம் செய்வது தொலைபேசியில் கேட்டது.

"மடங்குது மேடம். பத்துத் தடவை மடக்கிட்டேன். இருபது. இன்னும் மடக்கட்டுமா? நல்லாப் பாத்துச் சொல்லட்டுமா?"

"மூட்டை விடுங்க அண்ணாச்சி. கடலைப் பாருங்க."

இன்னாசி தலையை நிமிர்த்தினார். பதினாறு வருடங்களுக்கு மேல் பார்க்காத கடலைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றார்.