செபமாலை மூடாத பக்கம்

அந்தக் கடற்கரை ஊரில் ஒரு தகவல் மையம் உண்டு. கடலில் காற்று எப்படி, அலை எப்படி என்று கம்ப்யூட்டரில் பார்த்து, மதியம் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் மீன்பிடி வள்ளங்கள் கிளம்பும்.

மையத்தை நடத்தியவள் ஜெனோவா டீச்சர். வயது முப்பதுகூட இருக்காது. வாசிக்கிறவர் செபமாலை. ஐம்பதைத் தாண்டிய பிறகு அவளிடம் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்த மனிதர். டீச்சர் சொன்னால் மறுபேச்சே கிடையாது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. பிரவுசரைப் புதுப்பிக்க மட்டும் விடமாட்டார்.

அதுவோ பழைய பிரவுசர். காற்றுப் பக்கத்தைத் திறந்தால் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். “நீரு வாசிக்கதுக்குள்ள நாங்க போயி மீனோட வந்திருவோம்வே” என்று கரையில் கேலி செய்தார்கள். சிலர் காத்திருக்காமல் கிளம்பவும் செய்தார்கள். அதுதான் டீச்சருக்குக் கவலை.

“அண்ணே, புதுசு போட்டா சட்டுனு திறக்கும். ஒரு தடவை மூடித் திறக்கணும், அவ்வளவுதான்.”

“மூடினா அந்தப் பக்கம் போயிரும் டீச்சர்.”

அந்தப் பக்கம், போன வருசம் ஒரு நாளின் காற்றுப் பக்கம். ‘காற்று மிதமாக வீசும்’ என்று அதில் இருந்தது. செபமாலை அதை அப்படியே வாசித்தார். அவருடைய அண்ணன் சந்தியாகு அதைக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போனார். திரும்பவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பக்கத்தை அவர் மூடவே இல்லை. கம்ப்யூட்டரை அணைப்பதும் இல்லை.

“படமா எடுத்து வச்சுக்கலாமே, அண்ணே.”

“படத்தை யாரு நம்புவா? நான் மாத்திட்டேன்னு சொல்லுவாங்க. மைனி ஒரு நாள் வந்து கேட்டா, நான் பொய் சொல்லலன்னு காட்டணும்லா?”



அந்த மைனி, சந்தியாகுவின் மனைவி சலேத், அதன் பிறகு மையத்துப் பக்கமே வரவில்லை. அவள் எதிரே வந்தால் செபமாலை வேறு தெருவில் திரும்பிவிடுவார். பாவம், மனுசன் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மதியம் வாசலில் நிழல் விழுந்தது. சலேத் நின்றாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

செபமாலை அவளைக் கண்டதும் எழுந்தார். திரையை அவள் பக்கம் திருப்பினார். “மைனி, இந்தா பாருங்க. அன்னைக்கு இப்படித்தான் போட்டிருந்தது. நானா ஒண்ணும் சொல்லல.”

சலேத் திரையைப் பார்க்கவில்லை.

“அன்னைக்குக் காத்து எனக்கெதுக்கு? இன்னைக்கு எப்படி, சொல்லு தம்பி. எம்மவன் ஜெனிஸ்டன், கரை ஒதுங்கின அவங்கப்பா வள்ளத்த முதத் தடவையா எடுக்கான். நீ சொல்லாம இறங்கக் கூடாதுன்னு நிப்பாட்டிட்டு வந்திருக்கேன்.”

செபமாலை அன்றைக்கான புதுப் பக்கத்தைத் திறந்தார். வட்டம் சுற்றியது. கரையில் எஞ்சின் உறுமுகிற சத்தம் உள்ளே வரை கேட்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தாள். மைக்கை எடுத்து, ஊதிப் பார்த்து, அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

செபமாலை பழைய பக்கத்தை மூடினார். புதுப்பிக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார். திரை ஒரு நொடி வெறுமையாக இருந்தது. பிறகு பிரவுசர் வந்தது. காற்றுப் பக்கம் தட்டியதும் திறந்தது.

அவர் மைக்கை இழுத்தார்.

“பலத்த காத்து. யாரும் இறங்க வேண்டாம். ஏ ஜெனிஸ்டன், வள்ளத்தக் கரையேத்துடா.”

எஞ்சின் சத்தம் நின்றது. சலேத் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “வாரேன் தம்பி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

செபமாலை மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டார். “அத்தன நாளு அந்தப் பக்கத்த மூடாம வச்சிருந்தேன் டீச்சர். மைனி அதைத் திரும்பிக்கூடப் பாக்கலையே. இனி நான் பொய் சொல்லலன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஜெனோவா டீச்சர் மைக்கை எடுத்து வைத்தாள்.

“ஒத்தப் பிள்ளையக் கடலுக்கு அனுப்பதுக்கு முன்னால, அவங்க உங்ககிட்டத்தானே ஓடி வந்தாங்க, அண்ணே.”