நூல் பிடித்த சுவர்

"ஐயா, எங்க பக்கம் தலையைத் தூக்குறவனெல்லாம் சாகுறான். உங்க பக்கம் மட்டும் ஏன் யாரும் சாகுறதில்ல?"

கேட்டவர் ஹவில்தார் சவரிராயன். கேட்கப்பட்டவர், அடுத்த பதுங்குகுழிக்குப் பொறுப்பான சுபேதார் கன்னியப்பன்.

பெரிய யுத்தம் என்ற முதலாம் உலகப்போரின் முதல் குளிர்காலம் அது. பிரான்சு தேசத்தில் ஒரு பீட்ரூட் வயல். மதராஸிலிருந்து கப்பலேறிப் போன நம் ஆட்கள், வெள்ளைக்காரனுக்காக முழங்கால் சேற்றில் நின்றார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஜெர்மன்காரனின் குழி.

சுபேதார் தகர டப்பாவில் டீ காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குச் சாயங்காலப் பாராக் காவல் எங்க மாப்பிள்ளைக்கு. என் தங்கச்சி புருஷன். அதே இடத்துல நின்னவனை இன்னிக்குக் காலையிலதான் புதைச்சோம். எனக்குப் பயமா இருக்குங்கய்யா."

ஹவில்தார் ஒருவர் இப்படிச் சொல்லக்கூடாது. ஆனால் வெட்கப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது அவரிடம் தீர்ந்துபோயிருந்தது.

"உன் சுவர் எப்படி?" என்றார் சுபேதார்.

சவரிராயன் முகம் சற்றுத் தெளிந்தது.

"கயிறு கட்டி மூட்டை அடுக்கியிருக்கோம். ஒண்ணு முன்னே பின்னே இருக்காது. மேல மண்ணைப் போட்டு வழவழன்னு தட்டி வெச்சிருக்கோம். கேப்டன் துரை தடவிப் பாத்து சபாஷ்னு சொன்னாரு. நாளைக் காலையில பெரிய துரையைக் கூட்டிட்டு வந்து காட்டப் போறாராம்."

துரைமார்களைச் சொல்லியும் குற்றமில்லை. அவர்கள் படித்த புத்தகத்தில் குதிரையேறிப் போய் ஜெயிக்கிற யுத்தம்தான் இருந்தது. குழிக்குள் குந்தியிருக்கிற யுத்தம் இல்லை. அதனால் தெரிந்ததைச் செய்தார்கள். பட்டாளம் தங்குகிற பாரக்ஸை வைத்திருப்பதுபோலவே குழியையும் பெருக்கித் துடைத்து வைத்திருக்கச் சொன்னார்கள்.

"இன்னும் நேரா கட்டணுமோ, ஐயா?"

சுபேதார் அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, குனிந்தபடியே தன் சுவருக்கு அழைத்துப்போனார்.

அவருடைய சுவரைப் பார்த்துச் சவரிராயன் முகம் சுளித்தார். மூட்டைகள் கண்டபடி கிடந்தன. உச்சியில் உடைந்த நாற்காலி, கிழிந்த மெத்தை, அடி போன வாளி, துருப்பிடித்த புகைக்குழாய். ஊரில் குடியிருக்கிற வீட்டை எவனாவது இப்படி வைத்திருந்தால் பெண் கொடுக்கமாட்டார்கள்.

"வாளி வழியா ஜெர்மன்காரன் சுவரைப் பாரு. எத்தனை பேர் இருக்காங்க?"

சவரிராயன் பார்த்தார். கறுப்பு மூட்டை, வெள்ளை மூட்டை, தகரம், பலகை, ஒரு வண்டிச் சக்கரம்.

"ஒருத்தரையும் காணோம். ஒரே குப்பை."

"குழாய் வழியா உன் சுவரைப் பாரு."

சுபேதாரின் குழி அந்த இடத்தில் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. சவரிராயனின் சுவர் எதிரிக்கு எப்படித் தெரியுமோ அப்படியே அங்கிருந்து தெரிந்தது. பின்னால் மஞ்சள் வானம். அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து இழுத்த ஒற்றைக் கோடு.

"அழகா இருக்குங்கய்யா."

"பாத்துக்கிட்டே இரு."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கோட்டின் மேல் கறுப்பாக ஒரு மொட்டு முளைத்தது.

சவரிராயனின் ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது. இவ்வளவு சுலபமான குறி அவருக்குப் பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து கிடைத்ததில்லை.

அப்புறம்தான் அது யார் தலை என்று உறைத்தது.

"என்ன தெரியுது?" என்றார் சுபேதார்.

"எங்க மாப்பிள்ளை."

சுபேதார் டீயை ஊற்றி நீட்டினார். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

சவரிராயன் ஓடினார். சேறு காலைப் பிடித்து இழுத்தது. கத்தினால் மாப்பிள்ளை என்னவோ ஏதோ என்று இன்னும் எட்டிப் பார்ப்பார். அந்தப் பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். வழியில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வது?

மாப்பிள்ளை மரியசூசை நின்றுகொண்டிருந்தார். சவரிராயன் அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள்.

"என்ன மச்சான்? மேல ஒரு மூட்டை சரிஞ்சிருந்துச்சு. நேராக்கிட்டிருந்தேன்."

அந்த மூட்டையில் புதிதாக ஒரு ஓட்டை. மண் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

சவரிராயன் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே மண்வெட்டியைத் தூக்கிச் சுவரின் உச்சியை இடித்துத் தள்ளினார். மூட்டைகள் ஏறுமாறாகச் சாய்ந்தன. கைக்கு அகப்பட்ட கிழிசல் சாக்கு, பிய்ந்த பூட்ஸ், தகர டப்பா எல்லாவற்றையும் மேலே வீசினார்.

மரியசூசைக்கு உதறலெடுத்தது. குண்டுக்கு அல்ல.

"மச்சான், நாளைக்குக் காலையில பெரிய துரை வர்றாரு. ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டா?"

மரியசூசை பதவியில் கீழே. ஆனாலும் தங்கை புருஷனைச் சவரிராயன் ஒருநாளும் ஒருமையில் கூப்பிட்டதில்லை.

"கேக்கட்டும், மாப்ளே. பதில் சொல்ல நீங்க இருப்பீங்க."