பொறி பறக்காத மெஷின்

கோவையில் ஒரு கிரைண்டிங் பட்டறை. பீங்கான் தூளையும் உலோகத் தூளையும் கலந்து சுட்ட பிளேடுகளை அங்கே தீட்டுவார்கள். இரும்பெல்லாம் அவற்றின் முன்னால் வெண்ணெய். வைரம் பதித்த வீல்தான் அவற்றைத் தேய்க்கும்.

குரு பிலோமினா, முப்பத்தொரு வயது. சீடர் மருதாசலம், ஐம்பதைத் தாண்டியவர். காலமெல்லாம் இரும்பு தேய்த்தவர். பழைய கம்பெனியை இழுத்து மூடிவிட்டதால் இங்கே தற்காலிகமாகச் சேர்ந்திருந்தார். பெர்மனென்ட் ஆகாவிட்டால் இந்த வயதில் வாட்ச்மேன் வேலைதான்.

முதல் நாளே கேட்டார்.

"பொறியே பறக்கலீங்களே அம்மணி. வீல் வெட்டுதுங்களா இல்லீங்களா?"

"பறக்கக் கூடாதுங்ண்ணா. பறந்தா பிளேடு வேகுதுன்னு அர்த்தம்."

தலையாட்டினார். இரும்பிலேயே பழகிய கை அதை நம்பவில்லை.

ஒருநாள் முதலாளி வெளிநாட்டு விருந்தாளிகளோடு வந்தார். கூடவே ஒரு போட்டோக்காரர். அவருக்கு வேலை எது என்று தெரியாது, பொறி எது என்று தெரியும். பிலோமினாவின் மெஷினைப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணுமே நடக்கலையே சார்" என்றார்.

மருதாசலத்துக்குக் கை பரபரத்தது. தன் மெஷினில் சூடு தணிக்கும் கூலண்ட் தண்ணீரை நிறுத்தினார். வீலை அழுத்தினார். புஸ்வாணம்போலப் பொறி கொட்டியது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். முதலாளி அவர் தோளைத் தட்டிவிட்டு மேனேஜரிடம், "இவரைப் பெர்மனென்ட் பண்ணிருங்க" என்றார்.

அவர்கள் போனபின் பிலோமினா அந்த பிளேடை எடுத்தார். கண்ணாடிபோல மின்னியது. சிவப்புச் சாயம் தடவித் துடைத்தார். மேலே வெள்ளை மருந்தை அடித்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளையில் சிவப்புக் கீறல்கள் எழுந்தன, விளிம்பு முழுக்க.

"விரிசலுங்களா?"

"ம்."

"அப்படியே அனுப்புனா?"

"ஓடறப்போ உடையும். பக்கத்துல நிக்கறவன் கதி அவ்வளவுதான்."

பிளேடைக் கழிவுப் பெட்டியில் போட்டார்.

"இது யாரு தலைல விடியுமுங்க?"

"கத்துக் குடுத்தவ தலைலதான்."

மருதாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதை நினைத்து இன்னும் வெட்கப்பட்டார்.

"நீங்க எப்பங்க அம்மணி பெர்மனென்ட் ஆனீங்க?"

"நான் இன்னும் கான்ட்ராக்ட்தானுங்ண்ணா. ஒம்பது வருசமா."

"உங்களுக்கு மேல இந்த வேலை தெரிஞ்சவங்க இங்க யாருங்க? உங்கள ஏன் ஆக்கலீங்க?"

பிலோமினா வேறொரு பிளேடைப் பூட்டினார். கூலண்டைத் திறந்தார். வீல் மெல்ல இறங்கியது.

"கிட்ட வந்து பாருங்ண்ணா. என்ன தெரியுது?"

மருதாசலம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலீங்களே அம்மணி."

"முதலாளிக்கும் அதேதானுங்ண்ணா."