முதுகில் ஒட்டிய காற்று

சீன மாயக்கதையில் வரும் வானதேவதை வேஷத்துக்கு டெய்லர் ரோஸ்லின் தைத்த அங்கியில், கைகள் மட்டுமே பத்து முழம். அதைப் போட்டுக்கொண்டு மிருதுளா ஸ்டுடியோவில் நின்றாள். காஸ்ப்ளே எனும் மாறுவேடப் போட்டிக்குப் படம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

போட்டோகிராபர் சக்கரபாணி உறுமினார். "அங்கியோட கை ரெண்டும் காத்துல பறக்கணும். ஆனா ஃபேன் போடக்கூடாது, விக் கலைஞ்சிடும். பறக்கலைன்னா, தையல்தான் கோளாறுன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்."

"துணி வெட்டுறப்ப நாங்க தரையில விரிச்சு, மேலேருந்துதான் சார் பார்ப்போம்," என்றாள் ரோஸ்லின். தரையில் கிடந்த நீலத் திரைமேல் மிருதுளாவைப் படுக்க வைத்தாள். அங்கியின் கைகளை அலை அலையாக விரித்துவிட்டு, ஏணியைக் கொண்டுவந்து போட்டாள். சக்கரபாணி முனகிக்கொண்டே ஏறிப் படம் எடுத்தார். படத்தில் தேவதை வானத்தில் பறந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வந்த தோழிகள் படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். "ஃபேனே இல்லாம எப்படி சார்?"

"முப்பது வருஷ அனுபவம்மா. நான் கூப்பிட்டா காத்து வரும்."

"திரும்பு கண்ணு," என்று ரோஸ்லின் மிருதுளாவின் முதுகைப் பட்பட்டென்று தட்டினாள். தரையில் கிடந்த திரையின் தூசி அத்தனையும் குபீரென்று கிளம்பியது.

"சார் கூப்பிட்ட காத்து, முதுகெல்லாம் ஒட்டிக்கிடக்கு பாரு."