செல்லாது என்று மட்டும் சொன்ன கெர்னல்

இருட்டி வெகுநேரம் கழித்துத் தொட்டில் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. பல்லி கத்துகிற மாதிரி. ஆனால் பல்லி இல்லை. குழந்தையின் மூச்சைக் கவனிக்கும் மிஷின் ஒரு கணம் திக்கி நின்று, மறுபடி ஓடியது.

ஜெனோவா எழுந்து தொட்டிலுக்கு ஓடினாள். குறைமாசப் பிள்ளை. மூச்சு நின்றால் மணி அடிக்க வேண்டிய மிஷின் அது. அதுவே நின்றுபோனால்?

கணவன் கப்பலில். மேல் மாடியில் பர்வீன் மேடம் இருந்தார். அந்த மிஷினுக்குள் எல்லா வேலைகளையும் வரிசைப்படுத்தும் அடித்தள நிரலான கெர்னலை எழுத, மிஷின் கம்பெனியில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர். கூப்பிட்டதும் இறங்கி வந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு ஓடிடவா மேடம்?"

"அங்கேயும் நாம செஞ்ச இதே மிஷின்தானே? பிள்ளையை என் மடியில குடு. மூச்சை நான் பாக்கிறேன். நீ மிஷினைப் பாரு."

ஜெனோவா லேப்டாப்பை மிஷினோடு இணைத்தாள். உள்ளே எந்த வேலை குறுக்கே நிற்கிறது என்று தடம் பிடிக்கச் சொல்லி, கெர்னலுக்கு நீளமாக ஒரு கட்டளை கொடுத்தாள்.

'செல்லாது' என்றது கெர்னல்.

கடைசிச் சொல்லை மாற்றினாள். செல்லாது. கடைசி இரண்டையும் மாற்றினாள். செல்லாது.

"மாதாவே! எது செல்லாதுன்னு சொல்லித் தொலையேன்!"

"அதுக்கு இப்படிப் பேசக் கத்துக்குடுத்த புண்ணியவதி யாரு?" என்றார் பர்வீன்.

அந்தப் பதிலை எழுதியவள் ஜெனோவாதான். "கட்டளை போடத் தெரியாதவங்களோட நமக்கென்ன மேடம் பேச்சு?" என்று அன்றைக்குச் சிரிக்கவும் செய்தாள்.

மடியில் இருந்த பிள்ளை திடீரென்று வீறிட்டான். வாங்கிப் பால் கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோளில் போட்டுத் தட்டினாள், இன்னும் கத்தினான்.

"என்னதான் வேணும் இவனுக்கு?"

"பாரேன்."

பார்த்தாள். இடது காலை மட்டும் உதறிக்கொண்டிருந்தான். சாக்ஸைக் கழற்றினாள். உள்ளே ஒரு சிவப்பு எறும்பு.

"பேச்சு வராத பிள்ளை, எங்கேன்னு காட்டிட்டான்" என்றார் பர்வீன். அவனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஜெனோவா கெர்னலின் நிரலைத் திறந்தாள். கட்டளையைச் சொல் சொல்லாகப் படித்துப் போகிற அதற்கு, எந்தச் சொல்லில் இடறினோம் என்று தெரியத்தான் செய்தது. தெரிந்ததை விழுங்கும்படி வைத்திருந்தது அவள். இப்போது இடறிய சொல்லுக்குக் கீழே ஒரு அம்புக்குறி போட வைத்தாள். பக்கத்தில் காரணத்தையும் சொல்ல வைத்தாள்.

மாற்றியதை மிஷினில் ஏற்றி, அதே கட்டளையைக் கொடுத்தாள். அம்புக்குறி இரண்டாவது சொல்லுக்குக் கீழே போய் நின்றது. 'இங்கே வேலையின் பெயர் வேண்டும், எண் இருக்கிறது.'

இவ்வளவு நேரமும் கட்டளையின் வாலைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

பெயரைப் போட்டதும் தடம் கிடைத்தது. பழைய பதிவுகளை அழிக்கும் வேலை ஒன்று மூச்சுக் கணக்கை முந்திக்கொண்டு நின்றது. அதைப் பின்னுக்குத் தள்ளினாள். பிள்ளையைத் தொட்டிலில் போட்டு மிஷினை மாட்டிவிட்டு, இருவரும் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பல்லிச் சத்தம் மறுபடி வரவேயில்லை.

பர்வீன் கொட்டாவி விட்டபடி எழுந்தார். படியில் கால் வைத்தவரை ஜெனோவா நிறுத்தினாள்.

"தப்பு எங்கேன்னு நீங்க அப்பவே பாத்துட்டீங்கதானே?"

"பாத்தேன்."

"என் பிள்ளை உசிரு மேடம்! சொல்லியிருக்கலாமே?"

"அவன் மூச்சு என் கைக்குள்ளதானே இருந்துச்சு" என்றார் பர்வீன். இரண்டு படி ஏறினார். "இந்த மிஷின் இருக்கிற எல்லா வீட்டுக்கும் மேல் மாடியில நான் குடியிருக்கலையே, ஜெனோ."

காலடிச் சத்தம் மேலே போய்த் தேய்ந்தது. ஜெனோவா உள்ளே வந்து, கதவைத் தாழ் போட்டாள்.